இரண்டாவது பெட்டி

புது ஃப்ளெக்ஸ் பேனரின் வாடை இன்னும் என் புடவையை விட்டுப் போகவில்லை. மண்ணெண்ணெயும் புது ரப்பர் செருப்பும் கலந்த மாதிரி ஒரு வாடை. இன்று காலை கள்ளக்குறிச்சியில், கல்யாண மண்டபத்து வாசலில், உன்னை ஆளுயரத்துக்குக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படம். நீ சிரிக்காமல் இருக்கிற ஒரே படத்தை எப்படித்தான் தேடிப் பிடித்தார்களோ. உன் தலைக்குப் பின்னால் வெளிநாட்டுக்காரர்களின் ரெக்கை வைத்த விண்வெளி ஓடம் ஒன்று நெருப்பைக் கக்கிக்கொண்டு மேலே போகிறது. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், ‘ராக்கெட் விட்ட வீரமங்கை, எங்கள் மண்ணின் மகள்.’

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே கிழித்துப் போட்டிருப்பேன். நீ உன் வாழ்நாளில் ஒரு ராக்கெட்கூட விட்டதில்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் யாராவது அதைச் சொல்ல, நீயும் சலிக்காமல் திருத்துவாய். “ராக்கெட்டு ஆட்டோ மாதிரிங்க. சவாரிய எறக்கி வுட்டா அத்தோட அதும் வேல முடிஞ்சிது. நான் செய்றது அந்தச் சவாரிய.” கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த முறையும் ராக்கெட் என்பார்கள். பேனரில் போட்ட அந்த ஓடம் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பி வந்து விமானம்போல ஓடுதளத்தில் இறங்குவது. அதற்குத்தான் அதற்கு ரெக்கை. நீ செய்த செயற்கைக்கோள்கள் எதற்கும் திரும்பி வரத் தெரியாது. காற்றே இல்லாத இடத்தில் காலமெல்லாம் நிற்கப் போகிறதற்கு அந்த ரெக்கை எதற்கு? உன் பேருக்கு ஒரு கூட்டம் போடுகிறவர்கள் இதையாவது ஒரு ஆளிடம் கேட்டிருக்கலாம்.

அதைக்கூட விட்டிருப்பேன். பேனரின் அடி மூலையில் கைகூப்பியபடி ஒரு பெரிய மனிதர் படம் இருந்தது. இன்றைய கூட்டத்துக்குத் தலைமை அவர்தான். என் சித்தப்பா. ‘எங்கள் மண்ணின் மகள்’ என்று போடச் சொன்னவரும் அவர்தானாம்.

எந்த மண், யாருடைய மண்? உன் அப்பாவும் அம்மாவும் எங்கள் கரும்புக் கொல்லையில் கூலிக்கு வெட்டினார்கள். நீயும் நானும் பெண்கள் பள்ளியில் ஒரே பெஞ்சு. ஆனால் எங்கள் வீட்டுக் கிணற்றில் நீ தண்ணீர் சேந்தியதில்லை. நான் சேந்தி ஊற்றினால் கையில் ஏந்திக் குடிப்பாய். நான் சேலத்தில் வேதியியல் படித்துவிட்டு வந்து சர்க்கரை ஆலையில் வேலைக்கு அலைந்துகொண்டிருந்தபோது, நீ கோயம்புத்தூரில் எஞ்சினியரிங் முடித்துவிட்டு வந்தாய். செயற்கைக்கோள் செய்யும் இடத்திலிருந்து, பெங்களூருக்கு நேர்முகத் தேர்வுக்கு வரச்சொல்லி உனக்குக் கடிதம் வந்தது. அது வந்த வாரம்தான் எங்கள் சாதிக்கும் தனியாக இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் ஆட்கள் சாலைகளை மறித்தார்கள்.

அவர்கள் கேட்டது நியாயம்தான். அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான். எங்கள் தெருவில் காலேஜ் வாசலை மிதித்தவர்களை ஒரு கை விரலுக்குள் அடக்கிவிடலாம். ஆனால் சீட்டு கேட்டுச் சாலையில் உட்கார்ந்தவர்களுக்கு, ஏற்கெனவே ஒரு சீட்டு வாங்கிப் படித்த உன்னைக் கண்டால் ஏன் அப்படி எரிந்தது? இந்தக் கேள்விக்கு இத்தனை வருடமாகியும் ஒருத்தர்கூட என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை.

பஸ் கிடையாது. ரயில் மட்டும் எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது. சின்னசேலம் வரை நடந்துவிடலாம் என்று நீ கிளம்பினாய், துணைக்கு நான். கிளம்பும்போது உன் சான்றிதழ்களின் ஒரிஜினல்களை யூரியா மூட்டையின் உள்பாலிதீனில் சுற்றி என் இடுப்பில் செருகினாய். கையெழுத்து வாங்கிய ஜெராக்ஸ்களை உன் ரெக்சின் பையில் வைத்துக்கொண்டாய்.

“ஏண்டி, மாத்தி இல்ல வெச்சிக்கணும்?” என்றேன்.

“ஒன்னத் தொட மாட்டாங்க” என்றாய். சாதாரணமாகத்தான் சொன்னாய், மழை வரும் குடை எடுத்துக்கோ என்கிற மாதிரி.

சாலை நெடுக வெட்டிச் சாய்த்த புளியமரங்கள். ஒவ்வொன்றின் மேலும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி இறங்கினோம். மேற்கே கல்வராயன் மலை மேகத்தைப் போர்த்திக்கொண்டு ஒன்றும் தெரியாத மாதிரி கிடந்தது. உன் பயம் உன் கழுத்து வியர்வையில் தெரிந்தது. அதனால் நான் நேர்முகத் தேர்வு அதிகாரி ஆனேன். குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு கேட்டேன், “விண்கலம் எத்தனை வகைம்மா? சொல்லு பார்ப்போம்.”

நீயும் நிமிர்ந்து நடந்தபடி ஆரம்பித்தாய். “போற போக்குல பாத்துட்டுப் போறது ஒண்ணு சார். நிக்காது. கிரகத்துக்குக் கிட்டப் போயி படம் எடுத்துக்கினே தாண்டிப் பூடும். இன்னொண்ணு சுத்திக்கினே இருக்கும். அதுக்கு அங்க போயி பிரேக்கு போடணும், எரிபொருள் ஜாஸ்தி வேணும். எறங்கறது ஒண்ணு, அதுக்குக் காலு வேணும். எறங்கி ஊர்ந்து போறதுக்குச் சக்கரம் வேணும். வேற கிரகத்துக் காத்துக்குள்ள வுழுந்து, எரியறதுக்குள்ள பாத்ததச் சொல்லிட்டுச் சாவறதும் இருக்குது.”

“நீ எதைச் செய்வாய்?”

“நம்ம பூமியவே பாத்துக்கினு நிக்கறது சார். மழ வருதான்னு சொல்றது, பேச்ச இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் குடுக்கறது. பூமி சுத்தற வேகத்துலயே அதும் சுத்தும். அதனால கீழ இருந்து பாத்தா ஒரே எடத்துல நிக்கற மாதிரி இருக்கும்.”

“அதை எப்படிக் கட்டுவாய்?”

இதற்காகத்தான் காத்திருந்தவள்போல உனக்கு வேகம் வந்துவிட்டது. எடைதான் முதல் எதிரி என்றாய். ஒரு ஆணி கூடினால் அந்த அளவுக்கு எரிபொருள் குறையும். சூரியத் தகடுகளைப் பாய்போல மடித்து வைத்து அனுப்பி, மேலே போன பிறகு விரிக்க வேண்டும். ராக்கெட் உலுக்குகிற உலுக்கலில் ஒரு திருகாணிகூடக் கழலக் கூடாது, அதனால் கீழேயே வைத்து நாள்கணக்கில் உலுக்கிப் பார்க்க வேண்டும். வெயில் படும் பக்கம் கொதிக்கும், நிழல் பக்கம் உறையும். அதற்குத் தங்க நிறத்தில் பல மடிப்புப் போர்வை. “எல்லாத்துக்கும் மேல ஒண்ணு சார். அங்க மெக்கானிக்கு கெடையாது. கெட்டுப் போனா ஆரும் போயித் தட்டிப் பாக்க முடியாது. அதனால முக்கியமான பொட்டி எல்லாம் ரெண்டு ரெண்டா…”

அங்கே நின்றுவிட்டாய். சாலையின் குறுக்கே டயர் எரிந்துகொண்டிருந்தது. சாய்ந்த மரத்தின் மேல் ஏழெட்டுப் பேர். நடுவில் என் சித்தப்பா. எனக்கு உயிர் வந்தது. நம் ஆள்தானே என்று நினைத்தேன்.

“இன்னா பாப்பா, இவகூட எங்க போய்க்கினு இருக்கற?”

“இவளுக்கு பெங்களூர்ல இன்டர்வியூ சித்தப்பா. சின்னசேலத்துல ரயிலு ஏத்தி வுட்டுட்டு வந்துடறேன்.”

அவர் உன்னை மேலும் கீழும் பார்த்தார். “எஞ்சினியரு அம்மாவா? நாங்க ஒரு சீட்டுக்கு ரோட்ல குந்திக்கினு இருக்கறோம். நீங்க கோட்டாவுல ஏறிப் பறந்துக்கினு இருக்கறீங்க.” பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவருக்குத் தெம்பு கொடுத்திருக்க வேண்டும். எழுந்து வந்து உன் தோளிலிருந்த பையைப் பிடுங்கி நெருப்பில் போட்டார். ரெக்சின் பொசுங்கி உருகியது. “இப்ப பற, பாக்கலாம்” என்றார்.

நான் கத்தினேன். என்னவெல்லாமோ சொல்லிக் கத்தினேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்து நகம் பதிய அழுத்தினாய். என்னை யாரும் தொடவில்லை. நீ சொன்னது சரியாகத்தான் இருந்தது.

மரத்தைத் தாண்டி வெகுதூரம் வந்தும் எனக்கு அழுகை நிற்கவில்லை. நீ அழவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எங்க வுட்டேன்?” என்றாய்.

“இன்னாது?”

“கேள்வி கேட்டியே, பதிலு சொல்லிக்கினு வந்தேனே. எங்க வுட்டேன்?”

“ரெண்டு ரெண்டா… பொட்டி…”

“ஆங். முக்கியமான பொட்டி எல்லாம் ரெண்டு ரெண்டா வெப்போம் சார். ஒண்ணு வேல செய்யும், இன்னொண்ணு தூங்கிக்கினு கெடக்கும். மொதப் பொட்டி பூட்டா ரெண்டாவது முழிச்சிக்கினு, அது வுட்ட எடத்துல இருந்து எடுக்கும்.”

சின்னசேலம் பிளாட்பாரத்தில் என் இடுப்பிலிருந்து அந்தப் பாலிதீனை உருவிக் கொடுத்தேன். வியர்வை சொட்டியது. உள்ளே ஒரு தாள்கூட நனையவில்லை. அதற்கு நீ சொன்ன நன்றி இதுதான்: “நடந்தத ஆருகிட்டயும் சொல்லாத. அப்பா நாளைக்கும் ஒங்க கொல்லையிலதான் வெட்டணும்.” நானும் வாயைக் கட்டிக்கொண்டேன்.

உனக்கு வேலை கிடைத்தது. உன் பெட்டிகள் மேலே போயின. பிறகு எங்கள் ஆட்களுக்கும் கேட்டது கிடைத்தது. சித்தப்பாவின் பேரன் அதில்தான் எஞ்சினியரிங் படித்தான். படிக்கட்டும், அதற்குத்தானே கேட்டார்கள். ஆனால் அவனை ஒருத்தரும் ‘கோட்டா’ என்று சொல்லிச் சிரித்து நான் பார்த்ததில்லை. உன்னை மட்டும் வேலை பார்த்த இடத்திலும் பதவி உயர்வு வரும்போதெல்லாம் சொன்னார்கள் என்றாய். சொல்லிவிட்டு, சாப்பாட்டில் உப்புக் கம்மி என்று பேச்சை மாற்றினாய்.

ஒரு முறை கல்வராயன் மலைக்கு, வெள்ளிமலை வரை போனோமே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு பள்ளிக்கூடத்து மாடியில் வானத்தைப் பார்த்து ஒரு டிஷ் இருந்தது. மழையில் துருவேறிப்போன டிஷ். நீ கீழேயே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாய். “எம் பொண்ணு பேசறது இதுலதான் வந்து வுழுவுதுடி” என்றாய், நீ கட்டி அனுப்பிய கலத்தைத்தான் பொண்ணு என்று. வாழ்க்கையில் நீ பெருமையாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு வாக்கியம்தான். சித்தப்பா வீட்டு மாடியிலும் ஒரு டிஷ் இருக்கிறது என்று உன்னிடம் சொல்ல நினைத்தேன். அவர் சாய்வு நாற்காலியில் கிடந்து பார்க்கிற சீரியலும் நீ கட்டியதன் வழியாகத்தான் வருகிறது என்று அவருக்குத் தெரியுமா?

உன் மேலும் எனக்குக் கோபம்தான். அப்பா போனார், அம்மாவும் போனார். அதற்கப்புறம் யாருக்காக அடக்கிக்கொண்டாய்? கேட்டால், “வுடுடி, இப்ப இன்னா” என்பாய். நோய் வந்ததையும் அப்படித்தான் மறைத்தாய். எரிபொருள் தீரப் போகிற கலத்தை, மிச்சத்தைக் கொண்டே இன்னும் உயரத்துக்குத் தள்ளிவிடுவார்கள், “செத்தது வழில கெடந்து மத்ததுக்கு எடஞ்சலா இருக்கக் கூடாது பாரு” என்று ஒரு தடவை சொன்னாய். நீயும் அதேபோல் பெங்களூரில் ஒதுங்கிப் போய்ச் செத்தாய். யாருக்கடி நீ இடைஞ்சல்? செய்தி எனக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இன்று மண்டபத்தில் சித்தப்பா மைக்கைப் பிடித்தார். வயதாகிவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. “எங்க கண்ணு முன்னால வளந்த பொண்ணு. அன்னிக்கு ரோடெல்லாம் மறியலு. அப்பக்கூட இந்த ஊரே தோள்ல தூக்கி வெச்சி அனுப்பிச்சிது” என்றார். கைதட்டினார்கள். பின் வரிசைகளில் உன் தம்பியும் உன் தெருக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கை மடியிலேயே இருந்தது.

தோழி என்ற முறையில் ரெண்டு வார்த்தை பேச என்னைக் கூப்பிட்டார்கள். முதலில் பேனரைச் சொன்னேன். அவள் செய்தது இது இல்லை, ராக்கெட் வேறு, கலம் வேறு என்றேன். சிரித்தார்கள். பிறகு புளியமரங்களைச் சொன்னேன். டயரைச் சொன்னேன். மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்து அவள் பையைப் பிடுங்கினார் என்றபோது மைக் செத்தது. யார் அணைத்தார்களோ, மேடைக்குப் பின்னால் ஒருத்தன் அவசரமாக நகர்ந்தான்.

சித்தப்பா என் பக்கம் சாய்ந்தார். “அப்ப ஒரு வேகம், பாப்பா. வயசு அப்டி. எல்லாஞ் செத்துப் போன கத. எறங்கு.”

“நான் சாகல சித்தப்பா” என்றேன்.

மைக்கை மேசையில் வைத்தேன். சர்க்கரை ஆலையில் கரும்பு அரைவை ஓடும்போது அந்த இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசியே வேலைக்காலம் முழுவதும் போன தொண்டை என்னுடையது. அது எனக்கு இன்றைக்குத்தான் உருப்படியாக உதவியது. மண்டபத்துக் கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி, உன்னைப் போலவே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்:

“எங்க வுட்டேன்?”

பின் வரிசையிலிருந்து உன் தம்பி எழுந்து நின்றான். இத்தனை வருடமாக அவனுக்கும் நீ சொல்லாதது அது.

“பையப் புடுங்கன எடத்துலக்கா” என்றான்.

அங்கிருந்து எடுத்தேன்.