அண்ணி சங்கு எடுத்த கதை

என்னோடு கோபிக்கவே தெரியாத என் அண்ணைக்கு,

நீங்கள் அங்கே சுகமாக இருப்பீர்கள். இங்கே எனக்குத் தலை சுற்றுகிறது. எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே ஒரு வழி சொல்வீர்களே, அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன்.

அண்ணியின் காலில் புண். உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கீரிமலைக்குப் போன அன்று, கேணிக்கரைக் கல்லில் குதிக்கால் கிழிந்திருக்கிறது. இரத்தத்தில் சீனி கூடிய வருத்தத்தில் மரத்துப்போன கால், நோகவே இல்லை. வீட்டுக்கு வந்து சேலைக் கரையில் இரத்தத்தைக் கண்ட பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து மருந்து கட்டுகிறோம். ஆறுவது போல் இருக்கும், பிறகு திரும்பவும் வாய் திறக்கும். அண்ணி ஒருவரையும் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் உங்கள் மேல் கோபம் வந்தது. செத்துப்போனவரோடு கோபிக்கலாமா, அண்ணை?

போன கிழமை ஆசுபத்திரியில் பெரிய டொக்டர் ஒளிக்காமல் சொன்னார்.

"இப்பிடியே விட்டால் காலை எடுக்க வேண்டி வரும். கொழும்பிலை காத்தை அமுக்கி வைச்சிருக்கிற அமுக்க அறை ஒண்டு இருக்கு. அதுக்குள்ளை இருந்து ஒட்சிசன் எடுத்தால் புண் ஆறச் சந்தர்ப்பம் இருக்கு. கட்டாயம் ஆறும் எண்டு சொல்லமாட்டன்."

நானும் அண்ணியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அது உங்கள் அறை! சங்கு எடுக்கச் சுழியோடி, கடலடியிலிருந்து அவசரமாக மேலே வந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடந்த உங்களை அதற்குள்தானே வைத்தார்கள். வட்டக் கண்ணாடிக்கு வெளியே அண்ணி நின்றார். நீங்கள் உள்ளே இருந்து கையை உயர்த்திக் காட்டினீர்கள். பிறகு நடந்தல்லவா வீட்டுக்கு வந்தீர்கள்? நெஞ்சுவலி வந்து உங்களைக் கொண்டுபோகும் வரைக்கும் அந்தக் கால்கள் உங்களைக் கைவிடவில்லை.

அப்போது காப்புறுதிக் கொம்பனி, சுழியோடுவது ஆபத்தான தொழில் என்று காசு தராமல் கையை விரித்தது. நீங்கள் வள்ளத்தை விற்றுச் சமாளித்தீர்கள். இப்போது விற்க வள்ளமும் இல்லை. ஆனால் நீங்கள் குடும்பத்துக்கென்று எடுத்த அதே காப்புறுதியை அண்ணி விடாமல் கட்டி வருகிறார். அவர் கடலுக்குப் போகாதவர், இந்த முறை மறுக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

மறுத்துவிட்டார்கள். காரணம் கேட்க அண்ணி போன் எடுத்தார். நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அம்மா, உந்த வைத்தியம் சுழியோடுற ஆக்களுக்கு வாற வருத்தத்துக்குத்தான். புண்ணுக்கு அது பலன் தரும் எண்டு கொம்பனி ஏற்கேல்லை," என்றான் மறுமுனையில் பேசிய கொம்பனித் தம்பி. பிறகு, பாவம், உதவி செய்யும் எண்ணத்தில் கேட்டான்: "நீங்கள் சுழியோடுறனீங்களோ?"

அண்ணி கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"ஓம் தம்பி. சங்கு எடுக்கிறனான்."

கீரிமலைக் கேணியில் முழங்காலுக்கு மேல் இறங்காத உங்கள் பெண்சாதி சொன்னார், அண்ணை!

"அப்ப அது ஆபத்தான தொழில் அம்மா. அதுக்கும் தரேலாது."

நான் போனைப் பறித்தேன். "அப்ப ஆருக்குத்தான் தம்பி குடுப்பியள்?"

"பொழுதுபோக்காச் சுழியோடுறவைக்கு, அக்கா."

"எங்கடை ஊரிலை ஆர் தம்பி பொழுதுபோக்காச் சுழியோடுறது?"

அன்று உங்களுக்கு, கடலுக்குள் போனதால் இல்லை என்றார்கள். இன்று அண்ணிக்கு, போகாததால் இல்லை என்கிறார்கள். போனேன் என்று சொன்னாலும் இல்லையாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற எனக்கு இது விளங்கவில்லை. உங்களுக்கு விளங்குகிறதா?

போனை வைத்த பிறகு அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு எப்போது அழுகையானது என்று நான் கவனிக்கவில்லை.

"அவர் உள்ளுக்கை இருந்து கை காட்டேக்கை நான் வெளியிலை நிண்டனான். நான் உள்ளுக்கை போனால் ஆர் நிக்கிறது?" என்று கேட்டார். காலைப் பற்றி அழுகிறார் என்றல்லவா நினைத்தேன்.

டொக்டர் தன் கையால் விளக்கம் எழுதித் திரும்பவும் கொம்பனிக்கு அனுப்பியிருக்கிறார். அதற்குள் இன்னொரு சிக்கல். அவர்களுடைய கணினியில் இப்போது அண்ணி ஒரு சங்கு குளிப்பவர். அவர் சுழியோடி இல்லை என்று நான் நிரூபிக்க வேண்டுமாம். ஒருவர் கடலுக்குள் போகவில்லை என்பதற்கு யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது? கடலையா?

புண் கொம்பனியின் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நேற்றுக் கட்டை அவிழ்த்தபோது ஓரம் கறுத்திருந்தது. அண்ணிக்குச் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணை.

அண்ணியை அந்த ஒட்சிசன் அறைக்குள் விடுவார்களா, காலை எடுக்கும் அறைக்குள் கொண்டுபோவார்களா, தெரியாது. எந்த அறையானாலும் வெளியே நான் நிற்பேன். கண்ணாடி இருந்தால் கண்ணாடியில், இல்லாவிட்டால் கதவடியில். அவர் வெளியே வந்து கண் திறக்கும்போது முதலில் தெரிவது உயர்த்திய என் கையாகத்தான் இருக்கும். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் கூடப்பிறந்த சண்டைக்காரி,
தங்கச்சி வசந்தி