நரம்பு ஒயர் இல்லண்ணா

என் செல்லத் தங்கச்சி அரசிக்கு,

நீ போனதிலிருந்து உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. உன் போட்டோவுக்குப் பூ வைக்கும்போதுகூடச் சும்மா பார்த்துவிட்டு வந்துவிடுவேன். இன்றைக்குக் கேட்கிறேன். வேறு யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

என் மகள் யாழினி சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அத்தை, அத்தை என்று உன் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு திரிந்தவள் இப்போது காலேஜ் படிக்கிறாள். அவள் உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் செல்களே அவள் குடலைப் புண்ணாக்குகின்றன. கழிப்பறைக்குப் போனால் ரத்தம்தான். ஸ்டீராய்டு ஏற்ற வரும் நர்ஸ் அவள் கையைத் தட்டித் தட்டி, "நரம்பே கிடைக்கல" என்கிறார். அது நரம்பு இல்லை, ரத்தக்குழாய் என்று நீ இருந்தால் சண்டைக்குப் போயிருப்பாய்.

நாளைக்குள் அடங்காவிட்டால் பெருங்குடலை எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எடுத்தால் வயிற்றில் ஒரு பையை மாட்டிக்கொண்டு இருக்க வேண்டுமாம். இதை அவளை வைத்துக்கொண்டே சொன்னார்கள். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உன்னைச் செவிலிமேட்டு வீட்டிலிருந்து பைக்கில் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டி வருவேனே, ஞாபகம் இருக்கிறதா? வழியெல்லாம் உன் ஆராய்ச்சிக்கூடத்துப் பேச்சுதான். ஒருநாள் எலெக்ட்ரீஷியன் புத்தியோடு, "நரம்புன்னா ஒயர்தானே, மூளைல சுவிட்ச் போட்டா இங்க எரியுது" என்றேன். முதுகில் ஒரு குத்து விட்டாய்.

"நரம்பு ஒயர் இல்லண்ணா. அது முனையில சொட்டுது. பக்கத்துல நிக்கிற எதிர்ப்பு செல்லு அந்தச் சொட்டை வாங்கிக்கினுதான், சண்டை போடலாமா சும்மா இருக்கலாமான்னு முடிவு பண்ணுது."

எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. பயந்தால் நார்அட்ரினலின் சொட்டும் என்றாய். வேறு நரம்புகளிலிருந்து அசிட்டைல்கோலின் சொட்டும், அது செல்லின் கோபத்தைத் தணிக்கவும் செய்யும் என்றாய். அந்தப் பேரைச் சொல்லப் போய் என் நாக்கு சுளுக்கிக்கொண்டதற்கு, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் நீ சிரித்துக்கொண்டே இருந்தாய். பஸ் நகரும்போது ஜன்னலில் தலையை நீட்டி, "ஆனா ஒண்ணுண்ணா..." என்று ஏதோ சொன்னாய். டிரைவர் ஹாரனை அழுத்திவிட்டார். அடுத்த வாரம் உனக்கும் அது ஞாபகம் இல்லை, எனக்கும் இல்லை. அப்புறம் டெங்கு வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது.

அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் என்ன சொன்னாய் அரசி?

எனக்கு அது வேண்டும். யாழினிக்கு இந்த நோய் என்று தெரிந்ததும், வந்தவர்களிடமெல்லாம் பயம், நரம்பு, சொட்டு என்று நீ சொன்னதைச் சொன்னேன். எங்க அரசி சொன்னது என்று பெருமையாகத்தான் சொன்னேன். நம் சொந்தக்காரர்களுக்கு அது போதாதா? ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். "இப்படி பயந்துக்கினே இருந்தா மருந்து எப்படிமா கேக்கும்?" என்கிறார் பெரியப்பா. "பரீட்சைக்கு பயந்து பயந்தே இதை இழுத்து வுட்டுக்கினா" என்கிறார் சித்தி. போகும்போது எல்லாரும் தவறாமல், "பயப்படாத கண்ணு" என்று கன்னத்தைத் தடவிவிட்டுப் போகிறார்கள்.

நேற்று உன் அண்ணி செல்வி சின்ன காஞ்சிபுரம் போய், வரதர் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுவிட்டு நேராகச் சென்னை பஸ் ஏறினாள். பல்லியைத் தொட்டவர் கை பட்டாலே பீடை போகும் என்பார்களே. அந்த வலது கை வேறு எதிலும் படக் கூடாது என்று முந்தானையில் சுற்றிக்கொண்டு, கம்பியை இடது கையால் பிடித்தபடியே வந்திருக்கிறாள். யாழினிக்கு மருந்து கொடுத்து எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து வைத்திருக்கிறார்கள் இல்லையா, வார்டு வாசலில் நர்ஸ் அந்தக் கையைப் பிடித்து சானிடைசரை ஊற்றிவிட்டார்.

"ஐயோ, பல்லியத் தொட்ட கைம்மா!" என்று செல்வி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். நர்ஸுக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சாமி கை கழுவினா போயிடுமாக்கா, உள்ள போங்க" என்று தூக்கிவிட்டார். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். என்னால் முடியவில்லை.

செல்வி அந்தக் கையை யாழினி வயிற்றின்மேல் வைத்து, "பயப்படாதடி, பயப்படாத" என்றாள். யாழினி என் பக்கம் திரும்பினாள்.

"எல்லாரும் இதையேதான்பா சொல்றீங்க. நான் பயந்ததாலதான் இது வந்துச்சா? இப்பவும் பயமாத்தான் இருக்குது. நிறுத்திப் பாக்கறேன், முடியலப்பா. நிறுத்தலைன்னா குடலை எடுத்துடுவாங்களா?"

அரசி, அந்தப் பிள்ளை இத்தனை வலியிலும் படுத்துக்கொண்டு பயப்படாமல் இருக்கப் பாடுபட்டிருக்கிறாள். தன் பயமே தன் குடலைத் தின்கிறது என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் வெளியே வந்து வராண்டாவில் நின்று உன் பேரை வாய்விட்டே கூப்பிட்டேன். செக்யூரிட்டி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நீ இருந்தால் ஒரு போன் போட்டு அவளிடம் கொடுத்திருப்பேன். இப்போது யாரிடம் கொடுப்பேன்?

திரும்ப உள்ளே போனேன். எனக்குத் தெரிந்தது ஒயரிங் மட்டும்தான். அதையே சொன்னேன்.

"யாழு, ஒரு வீட்ல லைட்டு போட்டதும் ஷார்ட் ஆயிடுச்சின்னு வை. நான் போயி லைட்டு போட்டவங்களையா திட்டுவேன்? லைட்டு எல்லா வீட்லயும்தான் போடறாங்க. பழுது செவுத்துக்குள்ள இருக்குது. பயமும் எல்லாருக்கும்தான் வருது. எல்லாருக்குமா இந்த நோய் வருது? உன்மேல ஒரு தப்பும் இல்லடா."

அவள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அப்போ நான் பயப்படலாமாப்பா?"

"பயப்படுமா. நானும் பயந்துக்கினுதான் இருக்கறேன்."

ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு அப்போதுதான் அவள் அழுதாள். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளையில் அழுத மாதிரி சத்தமாக அழுதாள். செல்வியும் நானும் கூடவே அழுதோம்.

நரம்பு ஒயர் இல்லை என்று நீ சொல்லியும் நான் திரும்ப ஒயரைத்தான் பிடித்துக்கொண்டேன். சரியாகச் சொன்னேனா? நீ சொல்ல வந்ததும் இதுதானா? இல்லாவிட்டாலும் இதுதான் என்று வைத்துக்கொள்கிறேன். எனக்கு வேறு வழியில்லை அரசி.

நாளைக்கு என்ன சொல்வார்களோ. அவளை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனாலும் சரி, நோய் மருந்துக்கு அடங்கி அவள் வீட்டுக்கு வந்தாலும் சரி, இனி ஒருத்தரையும் அவளிடம் "பயப்படாதே" என்று சொல்ல விடமாட்டேன். நானும் சொல்ல மாட்டேன். என் கை நடுங்கினால் நடுங்கட்டும், அந்தக் கையாலேயே அவள் கையைப் பிடித்துக்கொள்வேன். இது உன்மேல் சத்தியம்.

நகரும் பஸ்ஸின் ஜன்னலைப் பார்த்துக் காது கொடுத்துக்கொண்டு நிற்கும்,
உன் அண்ணன்