நெஞ்சின் மேல் மயிலம்மாள்

9-12-1960
ஏகாதசி நெருங்கிவிட்டது. வீட்டில் கால் வைக்க இடமில்லை, எங்கே பார்த்தாலும் செவ்வந்திக் கூடை. நேற்றுப் பூமாலை கட்டி முடிக்கும்போது ராத்திரி மணி பன்னிரண்டு. மூன்று மணிக்கு அவரை எழுப்பிச் சாத்தார வீதிப் பூக்கடைக்கு அனுப்ப வேண்டும். பாயை உதறிக்கூடப் போடாமல் மல்லாந்து படுத்தேன்.

கண் திறந்துதான் இருந்தது. உத்தரம் தெரிந்தது. அவர் குறட்டை கேட்டது. செல்லக்கண்ணுவின் கை என் இடுப்பில் கிடந்ததுகூடத் தெரிந்தது. ஆனால் ஒரு விரலை அசைக்க முடியவில்லை. கால்மாட்டில் பச்சைச் சேலை ஒன்று நின்றது. அப்புறம் நெஞ்சில் பாரம். மூச்சு பாதியில் நின்றது. கத்துகிறேன், கத்துகிறேன், சத்தமே வரவில்லை.

இந்த மாதம் இது மூன்றாம் தடவை. யாரென்று கேட்க வேண்டுமா என்ன? இந்த வீட்டுக்குச் சொந்தக்காரி மயிலம்மாள்தான். நான் பின்னால் வந்தவள்.

10-12-1960
அவள் மஞ்சள் காமாலையில் போய் நாலு வருஷம் ஆகிறது. நான் எடமலைப்பட்டி புதூரிலிருந்து இங்கே ஸ்ரீரங்கத்துக்கு இரண்டாம் தாரமாக வந்து இரண்டு வருஷம். மூத்தவள் பேரில் ஒரு சின்னத் தங்க உருவை என் தாலிக்கயிற்றில் கோத்துத்தான் கட்டினார்கள். ஆடியில் சேலை வைத்துக் கும்பிட்டேன். அவள் மகள் செல்லக்கண்ணுவுக்கு ஒரு குறை வைக்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளை, என் கையால் ஊட்டினால்தான் சாப்பிடும். எனக்கு வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. தங்காவிட்டால் போகட்டும், இவள் போதும் என்று இருந்தேன்.

இன்னும் என்னம்மா வேண்டும் உனக்கு?

17-12-1960
பொறுக்க முடியாமல் நாத்தனார் இருளாயியிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. நாத்தனார் காதுக்குப் போனது தெருவுக்கே போன மாதிரிதான்.

"அவ உன்னத் தேடி வரலடி. புள்ளயக் கேட்டு வர்றா. அவ ஆளுங்க கையில ஒப்படைச்சிட்டா அடங்கிருவா" என்றார்.

செல்லக்கண்ணு வாசற்படியில் உட்கார்ந்து நார் கிழித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும்.

21-12-1960
பச்சைச் சேலை வாங்கி வைத்துப் படையல் போட்டோம். அவர் சேலையைப் பார்த்துவிட்டு, "அவ பச்சை கட்டவே மாட்டாளே" என்று மட்டும் சொன்னார். மயிலம்மாளைப் பற்றி இரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் சொன்ன ஒரே வார்த்தை.

30-12-1960
ஏகாதசிக்கு இரண்டு ராத்திரி கண்ணை மூடவில்லை. நேற்று விழுந்தவள் கட்டை மாதிரி தூங்கினேன். அவளும் வந்தாள். ஒரே ராத்திரியில் இரண்டு தடவை. செத்தேன் என்றே நினைத்தேன்.

2-1-1961
பிள்ளை தூங்குவதில்லை. இருட்டில் கண்ணை அகலத் திறந்துகொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடக்கிறாள். பயந்து போயிருக்கிறது பாவம். என்னைப் பயப்படுத்துகிறவள் நாளைக்கு இவள் மேலும் ஏறி உட்கார்ந்தால்?

5-1-1961
ஜீயபுரத்திலிருந்து மயிலம்மாளின் அண்ணன் அழகர்சாமி வந்தார். வாழைத்தோப்பும் நாலு மாடும் வைத்திருக்கிறவர், நல்ல மனுஷர். "எங்க வீட்டுப் புள்ள, நாங்க பாத்துக்கிறோம் தங்கச்சி" என்றார்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "நீ என்ன சொல்ற?"

சரி என்றேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, சரி என்றேன், அவ்வளவுதான்.

செல்லக்கண்ணு அழவில்லை. "எத்தனை நாளைக்கு சித்தி?" என்றாள். பொங்கல் மட்டும் என்று பொய் சொன்னேன்.

6-1-1961
நேற்று ராத்திரியும் வந்தது.

14-1-1961
பொங்கல். ஒரு வாய் இறங்கவில்லை. பிள்ளையைக் கேட்டு வந்தவள் பிள்ளை போன பிறகும் எதற்கு வருகிறாள்? நாத்தனாரிடம் கேட்டேன். "இனிமே உன்னைக் கேட்டு வர்றா போல" என்றார். அவரிடம் எதற்கும் பதில் உண்டு.

11-3-1961
உடம்பு துரும்பாகிவிட்டது. பூத்தொடுக்கும்போதே தலை தொங்குகிறது. இன்று டவுனுக்கு ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனார்.

பெஞ்சில் பக்கத்தில் ரஷீதா என்று பாலக்கரைப் பெண் ஒருத்தி. பேச்சு வாக்கில் என் கதையைக் கொட்டினேன். அவள் கண்ணை விரித்தாள். "அல்லாவே, எனக்கும் இதேதான்! பிரசவத்துக்கு அப்புறம் ராவெல்லாம் தூக்கமில்லையா, அப்ப புடிச்சுது. கண்ணு முழிச்சிருக்கும், நெஞ்சுல உக்காந்திருக்கும். எங்க வீட்ல ஜின்னுன்னாங்க."

மயிலம்மாளுக்குப் பாலக்கரையில் என்ன வேலை? அங்கேயே பாதி புரிந்துவிட்டது.

டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "எத்தனை மணி நேரம்மா தூங்குற?" மூன்று என்றேன். "மல்லாந்தா?" ஆமாம் என்றேன்.

"தூங்கும்போது கை காலைக் கட்டிப் போடுறது உடம்போட வழக்கம். இல்லேன்னா கனவுல ஓடுறப்ப நெசமாவே எந்திரிச்சு ஓடிருவோம். அந்தக் கட்டு அவிழறதுக்குள்ள உனக்கு முழிப்பு வந்துருது. கனவும் கலையல, கையும் வரல. பயத்துல மூச்சு முட்டுது. இதுக்குப் புஸ்தகத்துல பேரே இருக்கும்மா. பேய் இல்ல, உனக்குத் தூக்கம் போதல. ஒருக்களிச்சுப் படு. நேரத்துக்குத் தூங்கு."

வெளியே வந்ததும் சிரிப்பு வந்தது. காவிரிப் பாலம் தாண்டும்போது பஸ்ஸிலேயே அழுதுவிட்டேன். மூன்று மணி நேரத் தூக்கத்துக்காகவா என் பிள்ளையை அனுப்பினேன்?

29-4-1961
ராத்திரியில் பூக்கட்ட இவர் ஆள் வைத்துவிட்டார். ஒன்பது மணிக்குப் படுக்கிறேன். ஐந்து வாரமாக ஒன்றும் வரவில்லை. செத்தவள் மேல் எவ்வளவு அபாண்டம் சுமத்தினோம். சாமி படத்துக்குப் பக்கத்தில் அவள் போட்டோ முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டேன்.

18-6-1961
பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. இவரோடு ஜீயபுரம் போனேன். டாக்டரம்மா சொன்னதையெல்லாம் அழகர்சாமி அண்ணனிடம் ஒன்று விடாமல் சொன்னேன், மல்லாந்து படுத்தது உட்பட. செல்லக்கண்ணு தூணைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கறுத்திருக்கிறாள், வளர்ந்திருக்கிறாள். வர்றியாடி என்று கேட்கும் முன்பே பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

என்னைத் தேடியிருக்கிறாள்! பஸ்ஸில் வழியெல்லாம் என் மடியில்தான் உட்கார்ந்து வந்தாள். இந்த ஆறு மாதத்தில் இன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

19-6-1961
எழுதாமல் இருக்க முடியவில்லை.

நேற்று நடுராத்திரியில் முழிப்பு வந்தது. பிள்ளை என் கால்மாட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். "தூங்கலியாடி?" என்றேன்.

"மல்லாந்து படுங்க சித்தி."

"எதுக்கு?"

"நீங்க மல்லாந்து படுத்தாத்தானே எங்கம்மா வருவாங்க. போன தடவை நான் பாக்குறதுக்குள்ள அனுப்பிட்டீங்க."

பயந்து கிடந்தாள் என்று நினைத்தேனே. காத்துக் கிடந்திருக்கிறாள். அம்மா வருகிற வீட்டை விட்டு அவளை அனுப்பியவள் நான். பிள்ளை திரும்பி வந்தது என்னைத் தேடி இல்லை.

21-6-1961
இரண்டு ராத்திரியாக மல்லாந்து படுத்தேன். நேற்று வேண்டுமென்றே இரண்டு மணி வரை பூவும் கட்டினேன். வரட்டும், வந்து என் நெஞ்சிலேயே உட்காரட்டும், பிள்ளை ஒரு தடவை பார்க்கட்டும் என்று. எனக்குப் பைத்தியம்தான். வந்தாலும் அவள் கண்ணுக்கு எப்படித் தெரியும்?

விடிந்தபோது பிள்ளை என் பாதத்தில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

22-6-1961
சொல்லிவிட்டேன். அது கனவு என்றேன். தூக்கம் போதாததால் வந்தது என்றேன்.

"அப்ப எங்கம்மா ஒரு நாளும் வரலியா?"

"வரலடி."

"நான் இங்க இருந்தப்பவும்?"

"வரல."

தட்டில் தானே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டாள். ஊட்டப் போனேன். "நானே சாப்புடுறேன் சித்தி" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

2-7-1961
வாழைத்தார் இறக்க வந்த அழகர்சாமி அண்ணன் வீட்டுக்கும் வந்தார். அவர் காபி குடிக்கும்போதே செல்லக்கண்ணு பையோடு வந்து நின்றாள்.

இங்கேயே இருடி, பக்கத்திலேயே பள்ளிக்கூடம், புதுப் பாவாடை தைக்கக் கொடுத்திருக்கிறேன் என்று என்னென்னவோ சொன்னேன்.

"அங்க கன்னுக்குட்டி இருக்கு சித்தி" என்றாள்.

நிறுத்தி வைக்க என்னிடம் ஒரு பேய்கூட இல்லை. இவர் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து, "புள்ள எங்க இருந்தா என்ன" என்றார். அப்புறம் கொல்லைப் பக்கம் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

3-7-1961
தூங்க மாட்டேன் என்றுதான் நினைத்தேன். ஒருக்களித்துப் படுத்தேன். நன்றாகத் தூங்கிவிட்டேன்.