கலியாணத்துக்கு வராத தகப்பன்

நவம்பர் 10, திங்கள்

காலையிலிருந்து மழை. மேல்மாடி யன்னல் ஒழுக்கு. கணினிகளுக்குப் பொலித்தீன் போர்த்தியாயிற்று. கீழே டியூஷன் பிள்ளைகளின் இரைச்சல். நல்லூரில் வாடகைக்கு இருந்தால் இதுதான்.

இயக்குநர் அண்ணை வந்தார். முதன்முறையாக ஒரு முழுப்படம் எங்கள் கையில். தலைப்பு எழுத்து என் பொறுப்பு, திரை வித்தைகள் கூட்டாளி ஜூட்டின் பொறுப்பு. இப்போது சிக்கல். மணமகளின் தகப்பனாக நடிக்கும் லண்டன்காரருக்கு வேலை செய்யும் கடையில் லீவு இல்லையாம். அரியாலை மண்டபத்தில் கலியாணக் காட்சியை அவர் இல்லாமலே எடுத்துவிட்டார்கள். அவரைக் கணினியில் உள்ளே சேர்க்க அண்ணை முதலில் கொழும்பில் ஒரு ஸ்டூடியோவைக் கேட்டிருக்கிறார். இயலாது, காட்சியை வெட்டுங்கள் என்றார்களாம். தயாரிப்பாளரும் அந்தக் கட்சி. வெள்ளிக்கிழமை பார்க்க வருவார். தகப்பன் ஒட்டாவிட்டால் காட்சியும் போச்சு, படமும் எங்கள் கையை விட்டுப் போச்சு.

ஜூட் சிரிக்கிறான். "அக்கா, நாங்கள் கம்பனி துவங்கினதே உதுக்குத்தானே."

உண்மை. துவக்கத்தில் குருநகரில் அவன் வீட்டு முன்னறை, ஒரு பழைய கணினி. முதல் வேலை, கனடாவிலிருந்து வரமுடியாத தமையனைத் தங்கையின் கலியாண வீடியோவுக்குள் ஏற்றியது. மணவறைக்குப் பக்கத்தில் குளிர் ஜக்கற்றோடு நின்றான். ஒருவரும் குறை சொல்லவில்லை. தாய் திரும்பத் திரும்பப் போடச் சொன்னா. அதன் பிறகு எத்தனை மாமா, எத்தனை சித்தப்பா! வானத்திலிருந்து ரோசாப்பூ, பின்னால் சுவிஸ் மலை, அதுவும் செய்தோம். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஊரில் இல்லாத ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை.

நவம்பர் 12, புதன்

லண்டன் வீடியோ வந்தது. பின்னால் பச்சைத் துணி, பட்டு வேட்டி, கையில் வாழ்த்திப் போட அறுகரிசி.

பார்க்கவேண்டியவை: யன்னல் வெளிச்சம் இடப்பக்கம். வேட்டி நிழல். கரண்ட் பில். பால்மா.

பின்னேரம் அண்ணைக்குக் காட்டினோம். வெளிச்சம், நிழல், நிற்கிற இடம் எல்லாம் பிடித்துக்கொண்டது. ஆனாலும் தலையைச் சொறிந்தார்.

"எல்லாம் சரி பிள்ளை. உவர் ஏன் எங்களைப் பாக்கிறார்? மகளையல்லோ பாக்கவேணும்."

முகம் சுட்டது. கமராவைப் பார்த்துச் சிரிக்கும்படி லண்டனுக்குச் சொன்னதே நான். கலியாண வீடியோப் பழக்கம்! அதில் மாப்பிள்ளை, மாமா, ஐயர் எல்லாரும் கமராவைத்தான் பார்ப்பார்கள். ஜூட் என் பக்கம் திரும்பவேயில்லை. நல்ல பெடியன்.

நவம்பர் 13, வியாழன்

மழை விட்டது. லண்டன்காரர் வேலைக்குப் போகமுன் மறுபடி நடித்து அனுப்பினார். மணமகளின் முகம் வரவேண்டிய உயரத்தில் அவர் மனைவி ஒரு அகப்பையைப் பிடித்தாவாம். அகப்பையைப் பார்த்தே மனிசன் கண் கலங்கியிருக்கிறார். என்ன நடிப்பு!

ஜூட் இருட்டும்வரை கணினியை விட்டு எழும்பவில்லை. தகப்பன் போட்ட அறுகரிசியில் ஒரு மணி மகளின் கொண்டையில் தங்கி நிற்கும்படி செய்திருக்கிறான். யாரும் கேட்காத வேலை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவனுக்குச் சொல்லவில்லை, கடையில் சுடச்சுட றோல்ஸ் வாங்கிக் கொடுத்தேன்.

நவம்பர் 14, வெள்ளி

வெயில். தயாரிப்பாளர் சொன்ன நேரத்துக்கு முன்னரே வந்துவிட்டார். பிளேன்ரீ கொடுத்தோம், தொடவில்லை. சுவரில் பெரிதாகப் போட்டோம். தகப்பன் மகளைப் பார்த்தார். அறுகரிசி போட்டார். கண்ணைத் துடைத்தார். காட்சி முடிந்தது.

ஜூட் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். தயாரிப்பாளர் அண்ணையின் பக்கம் திரும்பினார். சரியான கோபம்.

"அவருக்கு லீவு கிடைச்சதை எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"