ஏற்புரை: உன் அம்மா

காசி, என் நல்ல காசி,

கல்லூரி மலருக்கு உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். 'பேராசிரியர் காசியம்மாள் அவர்கள்' என்று தொடங்கிப் பார்த்தேன், இரண்டு வரிக்கு மேல் நகரவில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன். நீ படிக்கப் போவதில்லை. வேதியியல் சொல்லித் தருகிற எனக்கு, போனவர்கள் படிக்க மாட்டார்கள் என்பதில் சந்தேகம் ஒன்றும் இல்லை. மற்றவர்கள் படிக்கட்டும்.

முதலில் செய்தி. மலைமேல் கரியாலூர்ப் பள்ளியில் உன் பெயரில் ஒரு வாசிப்பறை திறந்துவிட்டார்கள். நம் மாணவிகளை முகாமுக்குக் கூட்டிப் போன பழக்கத்தில், முகாம் இல்லாத வாரங்களிலும் தனியாகப் பஸ் ஏறிப் போய்ப் பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டினாயே, அந்தப் பள்ளியில்தான். ஒற்றை அறை, ஓட்டுக் கூரை. சுவருக்குப் பச்சை அடித்திருக்கிறார்கள். உனக்குப் பிடிக்காத பச்சை.

அழைப்பிதழைக் கொண்டுவந்தவர் சின்னசாமி. பள்ளியின் பெற்றோர் சங்கத் தலைவர், மலையில் சாமையும் மரவள்ளியும் போடுகிறவர். உன்னை 'டீச்சர்' என்பதைத் தவிர வேறு பெயரில் அவர் அழைத்து நான் கேட்டதில்லை.

வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை. படிக்கும்போதே உன் ஞாபகம். இந்த 'உரை' என்ற சொல்லை நான் எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறேன். வெளியில் பேசினால் பேச்சு, மைக் முன்னால் பேசினால் உரையா என்பேன். யாருக்கும் மனக்குறை வராமல் இருக்க ஆளுக்கு ஒரு சொல்லை அதன் முன்னால் ஒட்டிக் கொடுக்கிறார்கள் என்பேன். தமிழ் சொல்லித் தருகிற நீ விடமாட்டாய்.

"உரைன்னா சத்தம் போடறது இல்லக்கா. பழைய பாட்டுக்கு அர்த்தம் சொன்னாலும் உரைதான். தங்கத்தைக் கல்லுல தேய்ச்சுப் பாக்கறதும் உரைக்கிறதுதான். பேசறவங்க தன்னைத் தேய்ச்சுக் காட்டணும்."

"அப்படின்னா நம்ம விழாவுக்கு வர்றவங்க பாதி பேர் இந்நேரம் தேஞ்சே போயிருக்கணுமே."

ஒரு வருடம் அச்சகத்தில் 'நன்றியுறை' என்று பெரிய றகரம் போட்டு அடித்துக் கொடுத்துவிட்டார்கள். நான் கோபப்பட்டேன். நீயோ, "நன்றியைப் போட்டு ஒட்டி அனுப்பற உறை போலருக்குக்கா" என்று சிரித்தாய்.

இந்த முறை எழுத்துப் பிழை எதுவும் இல்லை. ஆனால் நன்றியுரைக்கு மேலே ஒரு வரி இருந்தது. 'ஏற்புரை: திருமதி அஞ்சலை, மணலூர்பேட்டை.' உன் அம்மா.

"ஏற்புரை எதுக்குங்க?" என்று சின்னசாமியைக் கேட்டேன். "பாராட்டு வாங்கறவங்க எழுந்து பதில் பேசறதுதான் ஏற்புரை. அவதான் இல்லையே."

"அதாங்க போட்டோம். இத்தினி பேரு டீச்சர பாராட்டிப் பேசுறோம். வாங்கிக்க ஒரு ஆளு வாணாமா? இல்லாட்டி அது அந்தரத்துலயே நின்னுடும்ங்க."

உன் அம்மாவிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

நான் போனபோது அவர் கரும்பு வெட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். கரும்பின் சோகை இலை கிழித்த கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, "படிங்கம்மா, கேக்கறேன்" என்றார். ஒவ்வொரு வரியாகப் படித்தேன். தன் பெயர் வந்ததும் கை நின்றது.

"என் பேருக்கு முன்னால இன்னாமோ சொன்னீங்களே, இன்னாது அது?"

"ஏற்புரைம்மா. ஏத்துக்கிட்டு ரெண்டு வார்த்தை பேசறது."

"இன்னாத்த ஏத்துக்கணும்?"

எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"எம் பொண்ணு பூட்டாள்னு ஏத்துக்கணுமா? அத்த மலை மேல ஏறி மைக்குல வேற சொல்லணுமா? தெருவுல எல்லாரும் அதத்தான் சொல்லிக்கினு இருக்காங்க, ஏத்துக்க அஞ்சல, ஏத்துக்க அஞ்சலன்னு. இப்ப கார்டே அடிச்சுட்டாங்களா?"

பாராட்டை ஏற்றுக்கொள்வது மட்டும்தான் என்று அவசரமாக விளக்கினேன்.

"செத்தவளுக்கு இன்னாம்மா பாராட்டு? அவ காதுல வுழுவுதா?"

அது என்னுடைய கேள்வி, காசி. எத்தனையோ இரங்கல் கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்து நான் மனசுக்குள் கேட்டது.

"நான் வர்ல. நீங்க போயி ஏத்துக்கினு வாங்க" என்று சொல்லிவிட்டுக் காபி போட எழுந்து போனார்.

நீ இருந்திருந்தால் எப்படி விளக்கியிருப்பாய்? வாங்கிக்கொள்வதும் ஏற்பதுதான், ஒப்புக்கொள்வதும் ஏற்பதுதான். சின்னசாமி முதலாவதை நினைத்து எழுதினார். உன் அம்மாவுக்கு இரண்டாவது மட்டும் கேட்டது. ஒரே சொல், நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

எனக்கு அவர் பேசுவது முக்கியமாகப் படவில்லை. நீ போய்வந்த இடத்தை அவர் ஒரு முறையாவது பார்க்க வேண்டும், அதுதான். அதை வைத்துத்தானே உங்கள் இருவருக்கும் கடைசிவரை சண்டை. இப்போது வராவிட்டால் இனி எப்போதும் வரமாட்டார் என்று பயந்தேன்.

சின்னசாமிக்குப் போன் செய்து, அம்மா பேச மாட்டார் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கார்டு ஊரு பூரா குடுத்தாச்சுங்க. பரவால்ல, நான் அந்த வரிய வுட்டுட்டுப் படிச்சிடறேன். அம்மா வந்து உக்காந்தாப் போதும்" என்றார்.

மறுபடி மணலூர்பேட்டைக்குப் போனேன். "எதையும் ஏத்துக்க வேணாம்மா. அவ எங்க போய்வந்தான்னு மட்டும் பாக்க வாங்க."

"லீவு நாள்ல கூட வூட்டுக்கு வராம அங்க இன்னாதான் பண்ணிக்கினு இருந்தாளோ" என்றார். அப்புறம், பஸ் எப்போது என்று கேட்டார்.

கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி மலை ஏறினோம். வளைவுகளில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தவர், "இத்தினி வளைவுலயா போய்க்கினு இருந்தா? அவளுக்கு பஸ்ஸே ஒத்துக்காதே" என்றார். எனக்கு அது தெரியாது. நீ சொன்னதே இல்லை.

விழா விழாவாகவே நடந்தது. வாழ்த்துரை நீண்டது. சிறப்புரையாளர் உன் பெயரை காசியம்மா, காசியம்மை, காமாட்சி என்று மூன்று விதமாகச் சொன்னார். ஒரு சிறுமி நீ சொல்லித் தந்த கதை ஒன்றைச் சொன்னாள், பாதியில் மறந்துபோய் நீ சிரிப்பதுபோலச் சிரித்தாள். உன் அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னசாமி சொன்னபடியே அந்த வரியைத் தாண்டி, "அடுத்ததாக நன்றியுரை" என்று ஆரம்பித்தார்.

முன்வரிசையில் உன் அம்மா எழுந்து நின்றார். "ஏங்க, நடுவுல என் பேரு இருந்துச்சே."

சின்னசாமி என்னைப் பார்த்தார். நான் வேறு யாரைப் பார்ப்பது? அவர் மைக்கைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

"எல்லாருக்கும் வணக்கங்க. இதுல இன்னாமோ ஏத்துக்கன்னு போட்டுருக்கீங்க. எம் பொண்ணு பூட்டாள்னு நான் ஏத்துக்க மாட்டேன். யாரு சொன்னாலும் மாட்டேன். லீவு வுட்டா மலைக்கு ஓடறாளேன்னு அவள நான் பேசாத பேச்சு இல்ல. இன்னிக்கு இந்த ரூம பாத்தேன், இந்தப் புள்ளைங்கள பாத்தேன். அவ இங்க வந்தது சரிதான். அத்த ஏத்துக்கறேன்."

அவ்வளவுதான். மைக்கை அணைக்கத் தெரியாமல் சின்னசாமியின் கையில் திணித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். முதலில் பிள்ளைகள்தான் கைதட்டினார்கள். சின்னசாமிக்கு நன்றியுரை மறந்தே போய்விட்டது. "சாப்பாடு ரெடிங்க" என்றார்.

இறங்கும்போது பஸ்ஸில், "நல்லாப் பேசினனாம்மா?" என்று கேட்டார்.

"ரொம்ப நல்லாப் பேசினீங்க."

"நீங்க ஒண்ணுமே பேசலியே. இத்தினி படிச்சிக்கினு?"

"எனக்கு வராதும்மா."

"எனக்கு மட்டும் வந்துச்சா?" என்றவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நீ இல்லை என்பதை நான் ஏற்றுக்கொண்டவள். அவர் ஏற்கவில்லை, ஏற்கவும் மாட்டார். இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து மலை ஏறி இறங்க முடிகிறது, காசி. இது எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

ஒவ்வொரு வருடமும் அவரை அங்கே கூட்டிப் போவேன். என் பெயருக்கு முன்னால் எந்த உரையைப் போட்டாலும் இனி எழுந்து பேசுவேன்.

உடன்பிறக்காத அக்கா,
மங்கை