அன்னத்தின் வாலில் நாலு விரல்

பிப்ரவரி 3, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்குப் போய்வந்த இதயத்தை இன்று மதியம் கொட்டகையில் விரித்துப் பார்த்தேன். எட்டடி உயரச் சிவப்பு நைலான் இதயம். உள்ளே பல்பு எரிந்தால் மாப்பிள்ளை, பெண் இரண்டு பேர் முகமும் தீக்காயம் பட்டதுபோல் சிவந்து தெரியும். அதைத்தான் ஆசைப்பட்டுக் கேட்கிறார்கள். அடிப்பக்கம் யாரோ மென்று ஒட்டிய சூயிங்கம். மடிப்புக்குள் பாதி கேக். இன்னொரு மடிப்பில் ஒரு குழந்தையின் ஈரக் கால்சட்டை. அது எப்படி அங்கே போயிற்று என்று நான் யோசிக்கப் போவதில்லை.

பதினோரு வருடமாக இதே பிழைப்பு. கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிற காற்றடைத்த நிலா, காற்றடைத்த தூண், மார்போடு மார்பு ஒட்டி மூக்கோடு மூக்கு உரசும் ஜோடி அன்னம். காற்று ஊதும் ப்ளோயரை நிறுத்தினால் ஒரே நிமிடத்தில் எல்லாம் தரையில் கிடக்கும் கந்தல். அந்தக் கோலத்தைப் பார்க்கக் கல்யாண வீட்டுக்காரர் ஒருவரும் நிற்பதில்லை. நான்தான் பார்க்கிறேன். துவைப்பதும் தைப்பதும் அம்மா. ஏற்றுவதும் இறக்குவதும் நான்.

ஒரு ப்ளோயர் முனகுகிறது என்று மோட்டார் வந்து பார்த்துவிட்டுப் போனார். மோட்டார் ரிப்பேர் செய்கிற ஆள், அதனால் எல்லாருக்கும் அவர் மோட்டார். அறுபது தாண்டியிருக்கும். நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ். அம்மா அவருக்கு டீ கொடுத்தாள். கேட்காமலே இரண்டு கரண்டி சர்க்கரை போட்டாள்.

எனக்கு இன்னமும் கேட்டுக் கேட்டுத்தான் போடுகிறாள்.

பிப்ரவரி 9, திங்கள்

அம்மா தலைக்குச் சாயம் பூசியிருக்கிறாள்.

பிப்ரவரி 14, சனி

சொல்லிவிட்டாள். தையல் மிஷினை நிறுத்தக்கூட இல்லை. நிலாவுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டே, கடைக்குப் போகிறேன் என்பதுபோலச் சொன்னாள். "நானும் அவரும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்."

எவர் என்று கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்டேன்.

அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு. அப்பா போகும்போது எனக்குப் பன்னிரண்டு. இருபத்திரண்டு வருடம் சும்மா இருந்தவளுக்கு இப்போது என்ன வந்தது? வீடு இல்லையா, சோறு இல்லையா, நான் இல்லையா? என்னென்னமோ கேட்டேன். எல்லாவற்றுக்கும் மிஷின்தான் பதில் சொன்னது. கடைசியில் வாயில் வந்ததைக் கொட்டிவிட்டேன்.

"அசிங்கமா இருக்கும்மா."

மிஷின் நின்றது. நூலை வெட்டினாள். பாபினை மாற்றினாள். மறுபடி தைக்க ஆரம்பித்தாள்.

பிப்ரவரி 15, ஞாயிறு

தூக்கமே இல்லை. அந்த ஆளுக்கு மேல்வரிசை முழுக்கப் பொய்ப்பல். பேசும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் இனி எங்கள் வீட்டு உறவா? அந்தக் கிரீஸ் விரல்... இதற்கு மேல் எழுதினால் நோட்டுப் புத்தகத்தையே கழுவ வேண்டியிருக்கும்.

என் மனைவியிடம் சொல்லிப் புலம்பினேன். காய் நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டுவிட்டு, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒன்று சொன்னாள். "உங்களுக்கு அம்மா போறாங்கன்னு கவலையா, தையலுக்கு ஆள் போகுதுன்னு கவலையா?"

இவளுக்கு எப்போதும் குறுக்குப் புத்தி.

மாமாவுக்குப் போன் செய்தேன். அம்மாவின் தம்பி, குடும்பத்து மானத்துக்குக் காவல்காரர். நான் அம்மாவிடம் சொன்ன வார்த்தையை அவரிடமும் சொன்னேன். "கரெக்டா சொன்னடா" என்றார். அந்த வார்த்தை அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. நாலு தடவை திருப்பிச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

பிப்ரவரி 20, வெள்ளி

இன்று அம்மா செய்த காரியத்தை என்ன சொல்வது. கொட்டகைக்குப் பின்வழியாக வருகிறவள், தெருப்பக்கம் சுற்றி முன்வழியாக வந்தாள். கல்யாணப் பார்ட்டிகளுக்குப் போட்டிருக்கிற நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆர்டர் நோட்ட எடு. மார்ச் எட்டு, ஞாயித்துக்கிழமை, காலைல பத்து மணி. ஜோடி அன்னம் வேணும்."

விளையாடுகிறாளா என்று பார்த்தேன். இல்லை. அன்னமா! போன வருடம் ஒரு பார்ட்டி அன்னம் கேட்டுவிட்டுப் போனதும் நானும் அவளும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். அதை ஞாபகப்படுத்தினேன். தலையாட்டினாள்.

"பதினோரு வருஷமா ஊராருக்குத் தைச்சேன். ஒரு நாள் நானும் அதுக்குக் கீழ உக்காந்து பாக்கறேனே."

நான் பேனாவைத் தொடவில்லை. அவளும் எழுந்திருக்கவில்லை. மாமா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். மோட்டார் பக்கம் பட்டறை ஆட்கள் இருபது பேர் வருகிறார்களாம். "என் பக்கம் நீதான். நீயும் வரலேன்னா நாற்காலி காலியா கெடக்கும். அவ்வளவுதான், வேற ஒண்ணுமில்ல" என்றாள்.

எழுதிக்கொண்டேன். வேலை என்று எழுதிக்கொண்டேன். போய் ஏற்றுவேன், முடிந்ததும் இறக்குவேன். நாற்காலியில் உட்காரமாட்டேன்.

மார்ச் 1, ஞாயிறு

அன்னத்தை நானே துவைத்தேன். கல்யாணப் பெண்ணிடம் துவைக்கச் சொல்ல முடியுமா? (இந்த வாக்கியத்தை எழுதவே கை கூசுகிறது.) இரண்டு அன்னமும் ஒரே துணி, ஒரே ப்ளோயர். அம்மா முதன்முதலில் தைத்த உருப்படி இது. ஒட்டுமேல் ஒட்டு. தொட்டியில் தண்ணீர் மூன்று முறை கறுத்தது. ஊரார் வியர்வை, ஊரார் வாசனைத் தைலம், ஊரார் எச்சில்.

காயப்போடும்போது ஒன்று கண்ணில் பட்டது. இடது அன்னத்தின் வாலுக்கு அடியில், மடிப்புக்கு உள்ளே, தைக்காமல் விட்ட இடம். நாலு விரல் அகலம். வெளியே தெரியாது, அந்த மடிப்பு எப்போதும் சுவர்ப்பக்கம்தானே இருக்கும்.

ஆக, வேலையில் கண் இல்லை. கண் வாசல்மேல் இருந்தால் ஊசி எங்கே போகும்? அந்த ஆள் எப்போது வருவான் என்று பார்த்துக்கொண்டே ஒட்டுப் போட்டிருக்கிறாள். உட்கார்ந்து, கறுப்பு நூலை இரட்டையாகக் கோத்து, இறுக்கி அடைத்தேன். எனக்கும் தைக்கத் தெரியும். அவள் இல்லாவிட்டால் கொட்டகை மூடிவிடாது.

மார்ச் 3, செவ்வாய்

பத்து நிமிடம் ஊதிப் பார்த்தேன். எப்போதையும்விட ஜோராக நின்றது.

மார்ச் 7, சனி

மோட்டார் ஒரு புது ப்ளோயர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். பழையது இளைத்துவிட்டதாம், நாளைக்கு இதைப் போடச் சொன்னார். மாப்பிள்ளை சீதனம் போலிருக்கிறது. நான் தலையை நிமிர்த்தவில்லை. ஒரு நிமிடம் நின்றார். 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு செருப்புச் சத்தம் தூரமாகப் போயிற்று.

மார்ச் 8, ஞாயிறு

எழுதித் தீர்த்தால்தான் இது வயிற்றைவிட்டுப் போகும்.

ஒன்பதரைக்கு மண்டப மேடையில் அன்னத்தை ஏற்றினேன். மணல்மூட்டை வைத்தேன், ஒயரைப் பாய்க்கு அடியில் ஓட்டினேன், புது ப்ளோயரைப் போட்டேன். கிடுகிடுவென்று எழுந்து நின்றது. அம்மா பச்சைப் புடவையில் வந்து, கொஞ்சம் தள்ளி நின்று, அதை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். தான் தைத்ததைச் சரிபார்க்கிற பார்வை இல்லை அது. எதிர்த்த வீட்டுப் பெண் கல்யாண அலங்காரத்தைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. நான் ஒயரைப் பார்க்கிறவன்போலக் குனிந்துகொண்டேன்.

மாமா வந்துவிட்டார்! குடும்பத்தோடு. சாப்பாடு இருக்கிற இடத்தில் மாமாவின் கோபம் நிற்பதில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டு, உதட்டைச் சுழித்துக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்குப் பதிவாளர் நோட்டோடு வந்தார். அம்மாவும் அவரும் அன்னத்துக்குக் கீழே உட்கார்ந்தார்கள். பதிவாளர் இரண்டு பேர் வயதையும் உரக்கப் படித்தார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அப்போதுதான் கழுத்தைக் கவனித்தேன். இடது அன்னத்தின் கழுத்து வளைந்து மற்றதன் மூக்கைத் தொட வேண்டும். அது மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது. மூக்கு பிரிந்தது. வயிறு இறுகிப் பளபளத்தது. இந்த அன்னம் வேறு யாரோ ஊதிய அன்னம்போல் நின்றது. நான் ப்ளோயரை நோக்கி இரண்டு அடி வைத்திருப்பேன். பிட்டம் வலிக்க உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர் ஒருவர் சபையில் அடக்க முடியாமல் விட்டால் எப்படி இருக்கும், அப்படி ஒரு சத்தத்தோடு கழுத்துத் தையல் ஒரு முழத்துக்குக் கிழிந்தது. இரண்டு அன்னமும் அம்மா தலைமேல் சாய்ந்தன.

மண்டபமே சிரித்தது. சிரிப்பு அடங்கும் நேரம் பார்த்து மாமா எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். "அன்னத்துக்கே அசிங்கமா போச்சு போல."

அது என் வார்த்தை. நான் போனில் கொடுத்த வார்த்தை. அவர் வாயில் கேட்டபோது அதற்கு எச்சில் வாடை அடித்தது. அம்மா மாமாவைப் பார்க்கவில்லை.

மோட்டார் எழுந்தார். புதுச் சட்டையோடு மேடையில் முட்டி போட்டு ப்ளோயரின் வேகத்தைக் குறைத்தார். வாலுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தார். கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு சபையைப் பார்த்து, "என் மோட்டார்தான் வேகமா ஓடிடுச்சு. என் தப்பு. உக்காருங்க, உக்காருங்க" என்றார். கல்யாண மாப்பிள்ளையைப் பார்த்து எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பல் 'டக்' என்றது.

நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அம்மா பின்பக்கம் வந்தாள். அவளும் அதே இடத்தில் கையை விட்டாள். என் தையலை விரலால் தடவினாள், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை. கறுப்பு நூல், இரட்டைக் கோப்பு. எங்கள் கொட்டகையில் அப்படித் தைக்கிறவன் யார் என்று கேட்க வேண்டியதே இல்லை.

"பிளேடு எடுத்து இதப் பிரிச்சு விடு. காத்து போறதுக்கு வழி வேணும்ல" என்றாள். "நான் போய்க் கையெழுத்துப் போடணும்."

பிரித்தேன். காற்று என் முகத்தில் அடித்தது. பிறகு கிழிந்த கழுத்தை இரண்டு கையாலும் அள்ளி, கிழிசலை நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, அன்னத்துக்குப் பின்னால் நின்றேன். அது எழுந்தது. கோணலாக, ஆனால் எழுந்தது. கையை எடுத்தால் விழும். என் அம்மாவின் கல்யாணத்தை நான் பார்க்கவில்லை. சூடான நைலானில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கேட்டேன். பதிவாளர் எங்கே போட வேண்டும் என்று சொன்னது, நாற்காலி நகர்ந்தது, பட்டறை ஆட்கள் கைதட்டியது. எல்லாரும் சாப்பிடப் போகும்வரை நின்றேன். முக்கால் மணி நேரம் இருக்கும்.

மார்ச் 9, திங்கள்

ஓரம் மடித்துத் தைத்திருந்தது. அந்த நாலு விரல் இடத்தின் இரண்டு ஓரமும் அழகாக மடித்து, பொடித் தையல் போட்டிருந்தது. அதைத் துவைத்த அன்றே பார்த்தேன். கவனக்குறைவுக்கு யார் ஓரம் மடிப்பார்கள்? பார்த்துக்கொண்டேதான் அடைத்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன், எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

அம்மா அவர் வீட்டில் இருக்கிறாள். மிஷின்மேல் துணி போர்த்தியிருக்கிறது.

மாமா போன் செய்தார். சாப்பாடு பரவாயில்லை என்று ஆரம்பித்து, அன்னம் கிழிந்த கதைக்கு வந்து, அந்த வார்த்தையை மறுபடி எடுத்தார். "அத முதல்ல சொன்னவன் நான்தான் மாமா. திருப்பிக் குடுத்துடுங்க. இனிமே எங்க அம்மாவச் சொல்லாதீங்க" என்றேன். அந்தப் பக்கம் ஏதோ மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

மார்ச் 17, செவ்வாய்

பட்டறைக்கு நானே போனேன். அவர் ஒரு மின்விசிறியைக் குடல் குடலாகப் பிரித்துப் போட்டிருந்தார். உட்காரச் சொல்லி, ஸ்டூலைத் தன் வேட்டியாலேயே துடைத்தார். வழியெல்லாம் நாலைந்து வாக்கியம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். வாயில் வந்தது ஒன்றுதான்.

"மோட்டார் மேல தப்பில்ல" என்றேன்.

"தெரியும். நான்தான கைய விட்டுப் பாத்தேன்" என்றார்.

அம்மாவிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். கல்யாணத்தன்று மாலை அவள்தான் பேச்சை எடுத்தாளாம். "புள்ள கழுத்தப் புடிச்சிக்கிட்டே நின்னான்னு சொன்னா. அடைச்சதப் பத்தி ஒண்ணும் சொல்லல" என்றார். பிறகு மின்விசிறிப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கொஞ்ச நேரம் அவருக்கு டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பல் இன்னமும் 'டக்' என்றுதான் சொல்கிறது. அது பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை.

மார்ச் 23, திங்கள்

காலை ஒன்பது மணிக்கு அம்மா பின்வழியாக வந்தாள். மிஷின்மேல் இருந்த துணியை எடுத்து உதறினாள். பழைய அன்னத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இனி இது தாங்காது, புதிதாக வெட்டிவிடலாம் என்றாள். டீ போட்டாள். எனக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டாள். எவ்வளவு வேண்டுமானாலும் போடு என்றேன்.

வெள்ளை நைலானைத் தரையில் விரித்து நான்தான் வெட்டினேன். வாலுக்கு வந்ததும் சுண்ணக்கட்டியை எடுத்து, கையை வைத்து நாலு விரல் அளந்து கோடு போட்டேன். அம்மா மிஷினிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"உன் விரல் தடி. மூணு போதும்."

அழித்துவிட்டு மூன்று போட்டேன்.