இடக்கையால் ஒரு மசாலாத் தோசை

இன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து குளிர்ச்சட்டையைக் கழற்றிக் கொளுவும்போது அதிலிருந்து சாம்பார் மணந்தது. பெருங்காயமும் நெய்யும் கல்லில் முறுகிய மாவும் கலந்த மணம். பாரிஸில் லா ஷப்பேலில் உள்ள அந்தச் சைவக் கடைக்குள் சற்றுநேரம் இருந்தாலே போதும், கழுவும்வரை உடுப்பை விட்டுப் போகாது. "ரயிலிலை வாறவன் மணந்து பாத்தே சொல்லுவான், நாங்கள் எந்தக் கடையிலை சாப்பிட்டனாங்கள் எண்டு" என்று நீ சொல்லிச் சிரிப்பாய். நீ இல்லாமல் வந்திருக்கும் முதல் தவக்காலம் இது. அதனால்தான் எழுதவேண்டும் போலிருக்கிறது.

நாங்கள் முதன்முதலாக அங்கே போனதும் ஒரு தவக்கால வெள்ளியில்தான். அப்போது இருவருக்கும் ஒரே அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை. விடியமுன் தொடங்கினால் காலை பத்து மணியளவில் விட்டுவிடுவார்கள். நீ மன்னார்க்காரி, தவக்காலத்து வெள்ளிகளில் மீன், இறைச்சி தொடமாட்டாய். நான் கிளிநொச்சி, எனக்கு எல்லா வெள்ளியும் சைவம். "உன்ரை சாமியும் என்ரை சாமியும் ஒரே நாளிலை மரக்கறி கேக்கினம். வா" என்று அந்தக் கடை இருக்கும் ரூ லூயி-பிளாங் வீதிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாய்.

கடை நிறைய ஆண்கள். பெண்கள் வந்தால் வாசலோடு நின்று பார்சல் கட்டிக்கொண்டு போவார்கள். நானும் அப்படித்தான் என்று நினைத்து நின்றேன். நீ நேரே உள்ளே போய், வீதியைப் பார்த்த மேசையில் இருந்தாய். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது.

"பார்சல் எடுப்பமே?" என்று மெல்லக் கேட்டேன்.

"தோசை சூட்டோடை தின்னுற சாமானடி. பெட்டிக்குள்ளை போட்டால் ஈரத் துவாய் மாதிரித்தான் வீட்டை வந்து சேரும். இரு."

இருந்தேன். தட்டுக்கு வெளியே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு மசாலாத் தோசை வந்தது. நாங்கள் ஊரில் சாப்பிட்டது உள்ளங்கை அகலத்தில், தடிப்பாய், சம்பலோடு. "தம்பி, இது தோசையோ, சுருட்டின பாயோ?" என்று நீ கேட்டாய். பரிமாறிய தஞ்சாவூர்ப் பெடியனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உயிர்த்த ஞாயிறு வந்து தவக்காலம் முடிந்த பிறகும் நீ விடவில்லை. "தவக்காலம் முடிஞ்சால் என்ன, வெள்ளிக்கிழமை முடியேல்லைத்தானே" என்றாய். நான் அந்த வேலையை விட்டு, வயதானவர்களின் வீடுகளுக்குப் போய் உதவி செய்யும் வேலைக்கு மாறினேன். அப்போதும் வெள்ளி மத்தியானம் எங்களுடையதாகவே இருந்தது.

பிறகு உனக்குப் பாரிசவாதம் வந்தது. வேலைத்தலத்திலேயே விழுந்துவிட்டாய். ஆஸ்பத்திரியில் நான் வந்து பார்த்தபோது உன் வலப்பக்கம் முழுதும் உனக்குச் சொந்தமில்லாதது போலக் கிடந்தது. பேச்சும் போய்விட்டது. அத்தனை கதை கதைத்த வாயிலிருந்து காற்று மட்டும் வந்தது. வாரக்கணக்காகப் பயிற்சி கொடுத்தார்கள். முதலில் திரும்பி வந்த சொல் 'இல்லை.' தாதி உனக்கு ஊட்ட வந்தபோது சொன்னாய். தாதிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கரண்டியை வைத்துவிட்டாள்.

லியோனிலிருந்து உன் மகள் வந்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரே பிள்ளை, அங்கே வேலை, கைக்குழந்தை. பாரிஸ் புறநகரான கார்ஜில் உள்ள உன் வீட்டில் நீ தனியே இருக்க முடியாது, பராமரிப்பு இல்லம்தான் வழி என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவளும் ஓர் இடம் பார்த்துவிட்டாள். உன்னிடம் அதைச் சொன்னபோது நீ சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாய். வெளியே வந்து அவள் என்னிடம், "அன்ரி, அம்மாவை ஒருக்கா அந்தத் தோசைக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போவமா? அங்கை போனாப் பிறகு ஏலாதுதானே" என்று கேட்டாள். பிரியாவிடைச் சாப்பாடாகத்தான் அவள் நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த வெள்ளி கடை நிரம்பி வழிந்தது. சக்கர நாற்காலியை வாசலில் விட்டு, இரண்டு பக்கமும் பிடித்து உன்னை நம் மேசைக்குக் கொண்டுபோனோம். தஞ்சாவூர்ப் பெடியன் கேளாமலே மசாலாத் தோசை கொண்டு வந்தான். கூடவே முள்ளும் கரண்டியும் வைத்தான். நீ இரண்டையும் இடக்கையால் தள்ளினாய். மகள் தோசையைப் பிய்த்துத் தரக் கையை நீட்டினாள்.

"இல்லை."

"நான் தீத்திவிடட்டே?" என்று நான் கேட்டேன்.

"இல்லை."

பிறகு வலக்கையை இடக்கையால் தூக்கி, ஒரு கல்லை வைப்பது போல அதன் மணிக்கட்டைத் தோசையின் மேல் வைத்தாய். அது நகராமல் அழுத்தியிருக்க, இடக்கையால் நுனியைப் பிய்த்தாய். முதல் துண்டு மடியில் விழுந்தது. இரண்டாவதைச் சாம்பாரில் தோய்த்து வாய்வரை கொண்டுபோனாய். பாதி நாடியில் வழிந்தது.

பக்கத்து மேசையில் இருந்த ஒருவர் கூட வந்தவரிடம், நமக்கும் கேட்கும்படியாக, "இடக்கையாலை திண்டு, கடையிலை பாக்கிறாக்களுக்கும் அருவருப்பு" என்றார். அவரைக் கேட்கவென்று எழும்பப் போனேன். நீ என் காலை மேசைக்கடியில் உதைத்தாய். உதைத்ததும் இடக்கால்தான், நல்ல பலமாக இருந்தது. அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாய். பிறகு அடுத்த துண்டைப் பிய்த்தாய். அவர் தன் தட்டைப் பார்க்கத் தொடங்கினார்.

என் தோசை முடிந்தது. மகள் தன்னுடையதைத் தொடவேயில்லை. மத்தியானக் கூட்டம் கலைந்து, மற்ற மேசைகளைத் துடைத்துவிட்டார்கள். பெடியன் வந்து, "மெதுவா சாப்பிடுங்கக்கா. ஒண்ணும் அவசரமில்ல" என்று சாம்பார்க் கிண்ணத்தை மறுபடி நிரப்பிவிட்டுப் போனான். நெற்றியில் வியர்வை வழிய வழிய, கிழங்கு ஒட்டிய கடைசித் துண்டுவரை நீ சாப்பிட்டு முடித்தாய். முடித்து, நாடியைத் துடைத்து, எங்கள் இருவரையும் பார்த்தாய். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை.

எப்போதும் உன்னோடு பிரெஞ்சில் கதைக்கும் உன் மகள் தமிழில் கேட்டாள். சொற்களைத் தேடித் தேடிக் கேட்டாள்.

"அம்மா, உங்களுக்கு... உங்கடை வீட்டையோ போகவேணும்?"

"ஓம்" என்றாய். விழுந்த பிறகு நான் உன் வாயால் கேட்ட முதல் ஓம்.

அவள் வெளியே போய்க் கண்ணாடிக்கு அப்பால் நின்று ஆஸ்பத்திரிக்காரரோடு தொலைபேசியில் கனநேரம் கதைத்தாள். அழுதாள், வாதாடினாள், மறுபடி கதைத்தாள். உள்ளே வந்து, "அன்ரி, காலமையும் பின்னேரமும் ஆள் வர ஒழுங்குபண்ணலாமாம். அம்மா வீட்டிலைதான் இருக்கப்போறா. வெள்ளிக்கிழமை நீங்கள் பாப்பீங்களோ?" என்றாள்.

பார்த்தேன். முதலில் கார்ஜுக்கு வந்து உன்னைக் கூட்டிவந்தேன். பிறகு நீ தடியை ஊன்றிக்கொண்டு தனியே ரயில் ஏறினாய், நான் கார் து நோர் நிலையத்தில் காத்து நின்றேன். கூட்டத்துக்குள் உன் தடி தெரியும்வரை எனக்கு மூச்சு வராது. சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஆனால் அந்தக் கை கடைசிவரை திரும்பவில்லை. போன மாரியில் உன் வீட்டில், உன் கட்டிலில், நித்திரையிலேயே போய்விட்டாய். தேவாலயத்தில் உன் மகள் என் கையைப் பிடித்து, "நல்ல வேளை, அண்டைக்குக் கடையிலை நாங்கள் இருந்து பாத்தம்" என்றாள்.

இப்போது நான் போகிற வீடுகளில் ஒன்றில் ஒரு மூதாட்டி இருக்கிறார். கைகள் நடுங்கும். சட்டைப் பொத்தானைத் தானே போடவேண்டும் என்பார். ஒரு பொத்தானுக்கு எவ்வளவோ நேரம் போகும். போன கிழமை மேலாளர் கூப்பிட்டு, நான் அந்த வீட்டில் மெனக்கெடுகிறேன், நானே பூட்டிவிட்டால் சுருக்காக முடியுமே என்றார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன்: "அவ போட்டுக்கொண்டிருக்கிறா. முடிக்கட்டும்." அவருக்குப் பிடிக்கவில்லை. அடுத்த முறையும் அதையேதான் சொல்வேன்.

இன்று காலையும் அந்த மூதாட்டியின் முன்னால் நின்றேன். பொத்தான் துளைக்குக் கிட்டப் போய் வழுக்கியது, மறுபடியும் வழுக்கியது. உதவத் துடித்த என் கைகளை முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, அவர் முடிக்கும்வரை நின்றேன்.